வாழி பாடாமல் விட்ட ஞாயிறு

அந்த மனிதர் என் மேஜைமீது நான்கு பேட்டரிகளை வரிசையாக நிற்க வைத்தார். டிரான்சிஸ்டரில் போடுகிற தடித்த பேட்டரிகள். ஒன்றின் அடியில் கசிந்து வெள்ளை பூத்திருந்தது.

"கழட்டிட்டேம்மா. நாலையும் கழட்டிட்டேன். அப்பவும் அவ கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை. பத்து மணிகூட ஆகவில்லை. கைப்பையை வைத்துவிட்டு நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வானொலி நிலையத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பாட வாய்ப்புக் கேட்டு வருவார்கள். மீதிப் பேர், போன வாரம் தங்கள் பெயரைத் தப்பாகப் படித்துவிட்டேன் என்று சண்டைக்கு வருவார்கள். பேட்டரியோடு வந்தவர் இவர் ஒருவர்தான்.

"யார் கேட்டுண்டிருக்கா? எதை?"

"எம் பொண்டாட்டிம்மா. நீங்க அந்தக் கதைய நிறுத்திட்டீங்கள்லா? மிச்சத்தக் குடுங்க, கொண்டுட்டுப் போயிருதேன்."

தூக்குவாளி இருந்தால் அதில் ஊற்றித் தரச் சொல்வார் போலிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும்விட்டேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அரை மணி ராஜ்ஜியம்

"வாரத்துக்கு அரை மணி நிகழ்ச்சி செய்ததற்கு இத்தனை வார அலட்டலா?" என்று இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் எண்பதுகளின் பம்பாயில், ஞாயிறு சாயங்காலம் அந்த அரை மணிதான் வானொலியில் எங்கள் தமிழ் கேட்கும் நேரம். தாராவியில் ஒரு சந்துக்குள் நுழைந்தால் ஒரு வாசலில் விட்ட வாக்கியத்தை அடுத்த வாசலில் கேட்டுக்கொண்டே போகலாம். அந்த அரை மணிக்கு நான்தான் ராணி, நான்தான் தோட்டி.

மாட்டுங்கா பஜனை, செம்பூர் சபாவின் நாடகம், வடாலா மாதர் சங்கத்தின் கோலப் போட்டி, எல்லாவற்றுக்கும் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். கோலப் போட்டியை வானொலியில் எப்படிக் காட்டினாய் என்று கேட்காதீர்கள். நானும் மேலதிகாரியிடம் அதையேதான் கேட்டேன். செய் என்றார், செய்தேன்.

செம்பூரில் ஒருமுறை, நாடகத்தில் வசனம் எடுத்துக் கொடுக்கிறவரின் குரல் கதாநாயகன் குரலைவிடத் தெளிவாகப் பதிவாகிவிட்டது. ஒவ்வொரு வசனமும் இரண்டு தடவை. உட்கார்ந்து ஒரு ராத்திரியும் ஒரு பகலுமாக அந்த மனிதரை வெட்டி எடுத்தேன். அன்றிலிருந்து நிலையத்தில் எனக்குப் பெயர் 'கத்தரி மேடம்'.

வெட்டுவது என்றால் நிஜமாகவே வெட்டுவதுதான். நாடாவை முன்னும் பின்னும் உருட்டி, இடம் பார்த்து, சவர பிளேடால் சாய்வாக ஒரு கீறல். வேண்டாத துண்டு காலடிக் கூடையில் விழும். நாடாவுக்கு எப்போதும் பஞ்சம் என்பதால், பெரிய துண்டுகளை எங்கள் டெக்னீஷியன் ஸாவந்த் ஒட்டிச் சேர்த்து, காந்த எந்திரத்தில் காட்டி அழித்துவிடுவார். மறுநாள் அதில் வேறு யாராவது பேசுவார்கள்.

எனக்கு அந்த வேலையில் கர்வம் இருந்தது. எங்கே வெட்டினேன் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

தோல் பட்டறை மாடி

அந்த வில்லுப்பாட்டை நான் பதிவு செய்தது தாராவியில் ஒரு தோல் பை பட்டறையின் மாடியில். பட்டறை, சந்தில் எல்லோரும் மைமூன் அக்கா என்று கூப்பிடுகிற பெண்ணின் வீட்டுக்காரருடையது. தென்காசிப் பக்கத்து மனிதர்கள். கீழே குடியிருப்பு, மேலே பட்டறை. மழைக்காலம் முடிந்த சமயம், விடுமுறை நாள், தையல் எந்திரங்கள் ஓயாத சத்தத்தை நிறுத்தியிருந்தன. ஈரத் தோலின் வாடை மட்டும் நிற்கவில்லை. அன்று கட்டியிருந்த புடவையை மூன்று தடவை துவைத்தேன்.

பாடியவர் சொர்ணபாண்டி. அதே பட்டறையில் தோல் வெட்டுகிறவர். "நீங்களும் வெட்டறேள், நானும் வெட்டறேன்" என்று நான் வேடிக்கையாகச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

கதை செவ்வந்தி கதை. சொத்துக்காக அண்ணன்மார் கொன்றுபோட்ட ஒரு கைக்குழந்தைக்காரியின் கதை. பருத்திக் காட்டில் மரத்தில் தொட்டில் கட்டிவிட்டு அவள் பருத்தி எடுத்துக்கொண்டிருக்கும்போது வந்து வெட்டுகிறார்கள். பிறகு அவள் எழுந்து வந்து, பிள்ளையை எடுத்து, வரம் வாங்கித் தெய்வமாகிறாள். கடைசியில் வாழி. கேட்டவர்கள், கேட்டவர்களின் பிள்ளைகள், எல்லோரும் வாழ்க என்று பாடி முடிப்பது.

பதிவு முடிந்து நான் ஒயரைச் சுருட்டும்போது சொர்ணபாண்டி பக்கத்தில் வந்தார்.

"அம்மா, ஒண்ணு சொல்லுதேன், கோச்சுக்கிடாதீங்க. கொலையில கொண்டு நிறுத்திரப்புடாது. செத்தவ எந்திரிக்கணும், பிள்ளைய எடுக்கணும், வாழி பாடணும். அப்புறந்தான் வில்லுலேருந்து கைய எடுக்கணும். இல்லன்னா வந்தவ போக மாட்டா."

"பாத்துக்கறேன்" என்றேன். தன் பகுதியை வெட்டாதே என்று சொல்லாத கலைஞனை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்த வகையில் ஒன்று என்று நினைத்துவிட்டேன்.

பதிவு ஒன்றேகால் மணி நேரம். என்னிடம் இருந்தது இருபத்தேழு நிமிஷம். அரிவாள் விழுகிறது, உடுக்கை நிற்கிறது, மரத்தில் குழந்தை அழுகிறது. அங்கே வெட்டினேன். நல்ல இடம் என்று ஸாவந்திடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். அந்தக் குழந்தை அழுகை அத்தனை தத்ரூபமாக இருந்தது. குழுவில் யார் அப்படி அழுதது என்று பின்னால் கேட்டபோது, "நாங்க யாரும் அழலையம்மா, அக்கம்பக்கத்துப் பிள்ளையாக்கும்னு நெனச்சோம்" என்றார் சொர்ணபாண்டி. தாராவியில் பிள்ளைகளுக்கா பஞ்சம்? அப்படித்தான் நானும் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு சாயங்காலம் அது போயிற்று. குழந்தை அழுகிறது. உடனே என் குரல்: "இத்துடன் செவ்வந்தி கதை வில்லுப்பாட்டு நிறைவடைகிறது." அதற்கு அடுத்து மராத்தியில் காய்கறிச் சந்தை விலை.

தங்கராஜ் சொன்னது

பேட்டரியோடு வந்தவர் பெயர் தங்கராஜ். மைமூன் அக்கா வீட்டுக்கு எதிர்க் கோலியில், அதாவது எதிரே உள்ள ஒற்றை அறை வீட்டில், இருக்கிறவர். மனைவி வேலம்மா, மூன்று மாதப் பையன். ஞாயிறு சாயங்காலம் அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கதை கேட்டிருக்கிறாள்.

"கொல விழுந்ததும் அவளுக்கு அருள் வந்துட்டு. அது ஊருல கோயில் கொடையில வாரதுதான், நான் பயப்படல. ஆனா நீங்க முடிஞ்சிட்டுன்னு சொன்னீங்கள்லா? பிள்ளையத் தரையில கிடத்திட்டு எந்திரிச்சுட்டா. ரேடியோகிட்டப் போயி காத வச்சா. 'எம் பிள்ள மரத்துல கிடக்கான், எறக்குங்க'ன்னா. 'இந்தாடி இருக்கான், தரையில இருக்கான்'னு தூக்கிக் காட்டுதேன். 'இது யாரு பெத்த பிள்ள'ங்கா."

ரேடியோவை அணைத்துப் பார்த்திருக்கிறார். பேட்டரியைக் கழற்றியிருக்கிறார். டாக்டர் வந்து ஊசி போட்டிருக்கிறார். கண்ணைத் திறந்தபடியே தூங்கி, எழுந்து, மறுபடி ரேடியோவில் காது வைத்துவிட்டாள்.

"சொர்ணபாண்டி அண்ணாச்சி ரெண்டு நாளும் வந்து மிச்சத்தப் பாடுனாவ. திரும்பிக்கூடப் பாக்கல. 'வந்த வழியாத்தான் போவேன், பொட்டியில சொல்லச் சொல்லு'ங்கா."

"குழந்தை?"

அவர் பேட்டரிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கைக்குட்டையில் வைத்தார். "பசும்பால் நிக்க மாட்டேங்கு. குடிச்சதெல்லாம் வெளிய வந்துருது. மைமூன் அக்கா சங்குல ஊத்திப் பாக்காவ. நேத்து பொழுது வரைக்கும் அழுதான். இப்போ அழக்கூட மாட்டேங்கான்."

அப்போதுதான் என் சிரிப்பு நின்றது.

எழுந்து ஓடினேன். ஸாவந்த் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நாடாவின் வெட்டிய துண்டு எங்கே என்றேன். "வோ தோ கல் ஹி மிட்டா தியா, மேடம்" என்றார். நேற்றே அழித்தாயிற்று. நான் வெட்டிய முக்கால் மணி நேரம் உலகத்தில் எங்கும் இல்லை. மேலதிகாரியிடம் இன்று ஐந்து நிமிஷம் தாருங்கள் என்று கேட்டேன். "சாமி வந்ததற்கெல்லாம் ஒலிபரப்பை மாற்றினால் நாளைக்கு நாமும் ஆட வேண்டியதுதான்" என்றார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பெட்டியில்தான் சொல்ல வேண்டும் என்றால், ஒலிப்பதிவுக் கருவியும் பெட்டிதானே? சொர்ணபாண்டியைப் பாடச் சொல்லி அங்கேயே பதிவு செய்து, அந்தக் கருவியிலேயே போட்டுக் காட்டலாம். புது நாடா ஒன்றைக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். தங்கராஜோடு மாஹிமுக்கு ரயில் ஏறினேன். கைக்குட்டைக்குள் பேட்டரிகள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் ரயில் இரைச்சலிலும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

எதிர்க் கோலி

நடுப்பகல்தான். ஆனால் அந்தச் சந்தில் வெயில் இறங்காது. வாசலில் பெண்கள் நின்றார்கள். எந்த நேரமும் ஏதாவது ஒரு ரேடியோ பாடும் சந்து அது. பயத்தில் எல்லோரும் அணைத்து வைத்திருந்தார்கள்.

வேலம்மா அலமாரிப் பலகை ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. ரேடியோவின் பின்மூடி திறந்து கிடந்தது, பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலி. அதில் காதை ஒட்டவைத்து, யாரோ ஏதோ சொல்வதுபோல் மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். ரவிக்கை பாலில் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்திருந்தது.

நானும் குனிந்து அந்த ரேடியோவின் மறுபக்கத்தில் காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றுதான் அன்றைக்கு எல்லோரிடமும் சொன்னேன்.

மைமூன் அக்கா மடியில் பிள்ளையோடு மூலையில் உட்கார்ந்திருந்தார். பிள்ளையின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. "சீக்கிரம் ஆகட்டும்மா, அல்லா காப்பாத்தணும்" என்றார். சொர்ணபாண்டி வில்லைக் குடத்தின்மேல் சாய்த்துக் கட்டிவிட்டுத் தயாராக இருந்தார். கருவியைத் தரையில் வைத்து, நாடாவை மாட்டி, ஓட விட்டேன். மைக்கை வாயருகே கொண்டுபோய், பதினைந்து வருஷப் பழக்கத்தில், "ஒன்று... இரண்டு... மூன்று..." என்றேன்.

வேலம்மா திரும்பினாள்.

இரண்டு நாளாக யார் கூப்பிட்டும் திரும்பாதவள். கழுத்து மட்டும் திரும்பிற்று. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வந்துட்டியா? நீதான முடிஞ்சிட்டுன்னு சொன்னவ?"

மைக்கைக் கீழே இறக்கினேன்.

"எம் பிள்ள மரத்துல கிடக்கையில முடிஞ்சிட்டுன்னு எப்படிச் சொன்ன?"

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். விவரம் தெரியாமல் கேட்கிறவள் போலத்தான் கேட்டாள். மாட்டுங்காவில் பிறந்து, ஆங்கிலப் பள்ளியில் படித்து, அருளாவது ஆட்டமாவது என்று பேசித் திரிந்த நான் பாட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். சொர்ணபாண்டி என் காதருகே வந்தார்.

"பூட்டுனது நீங்க. நீங்கதாம்மா தொறந்து விடணும். ரேடியோவுல சொல்லுத மாதிரியே சொல்லுங்க."

மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "நேயர்களே" என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னேன். "நேயர்களே, செவ்வந்தி கதை வில்லுப்பாட்டு இன்னும் நிறைவடையவில்லை. நிறைவடைந்தது என்று நான் சொன்னது தவறு. கதை தொடர்கிறது."

வில்லின் மணிகள் எல்லாம் சேர்ந்து ஒலித்தன.

சொர்ணபாண்டி பாடினார். செவ்வந்தி எழுந்தாள். ரத்தச் சேலையோடு மரத்தடிக்கு நடந்தாள். தொட்டில் முடிச்சை அவிழ்க்கிற வரி வந்ததும் வேலம்மாவின் இரண்டு கையும் தானாக நீண்டன. மைமூன் அக்கா எழுந்து அந்தக் கைகளில் பிள்ளையை வைத்துவிட்டு, கீழே விழுந்துவிடுமோ என்று தன் கையை அடியிலேயே வைத்துக்கொண்டு நின்றார். வேலம்மா பிள்ளையை மோந்து பார்த்தாள். இன்னும் மார்பில் அணைக்கவில்லை.

"வாழி பாடுதேன் தாயே, பிள்ளைகள் பேரச் சொல்லு" என்றார் சொர்ணபாண்டி. அருள் வந்தவள் பெயர் சொல்ல, பாடுகிறவர் ஒவ்வொரு பெயருக்கும் வாழி பாடுவது அவர்கள் வழக்கமாம். எனக்கு அது தெரியாது. பட்டறை மாடியில் பாடியபோது அருள் வந்தவர் யாரும் இல்லாததால் பொதுவாகப் பாடி முடித்துவிட்டார்கள்.

வேலம்மா தன் மகனிலிருந்து தொடங்கினாள். முருகன். வாழி. எதிர்வீட்டு ரசியா. வாழி. வாசலில் நின்ற பெண்களின் பிள்ளைகள், செல்வி, இசக்கிமுத்து, பீட்டர். ஒவ்வொரு பெயருக்கும் வெளியே ஒரு தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். வாசலில் பெண்கள் தீர்ந்துபோனார்கள். அவள் கண் என்மேல் வந்து நின்றது.

"வைதேகி" என்றாள்.

சொர்ணபாண்டி ஒரு கணம் தயங்கினார். அந்தச் சந்தில் அப்படி ஒரு பெயர் கிடையாது. பிறகு மற்றப் பெயர்களைப் பாடிய அதே மெட்டில், "வைதேகி வாழி, வாழி" என்று பாடினார்.

சொல்லிவிடுகிறேன். அதற்கு ஆறு வருஷம் முன்னால் எனக்கு ஒரு பெண் பிறந்தாள். இரண்டு நாள் இருந்தாள். வைதேகி என்று பெயர் வைப்பதாக நானும் என் கணவரும் பேசி வைத்திருந்தோம். வைக்கவில்லை. எந்தக் காகிதத்திலும் அந்தப் பெயர் கிடையாது. மாமியாருக்குத் தெரியாது, என் அம்மாவுக்குத் தெரியாது. நாங்கள் இருவருமே அதை அதற்குப் பிறகு வாய்விட்டுச் சொன்னதில்லை. செத்துப்போன பிள்ளைக்கு யாராவது வாழி பாடுவார்களா? அன்றைக்கு ஒருவர் பாடினார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தலையைத் தூக்கியபோது பிள்ளை பால் குடிக்கும் சத்தம் கேட்டது. வேலம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். என்னைப் பார்த்துத் தங்கராஜிடம், "யாரு இவிய? எதுக்கு அழுதாவ?" என்று கேட்டாள். அந்தப் பெயரை உனக்கு யார் சொன்னது என்று பிறகு கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு பெயரையே கேட்டதில்லை என்றாள். பொய் சொல்கிற முகமில்லை அது.

ஒரு முழம் நாடா

கருவி ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. நான் நிறுத்த மறந்துவிட்டேன்.

மறுநாள் வெட்டும் மேஜையில் உட்கார்ந்து போட்டுக் கேட்டேன். இருக்காது என்று நினைத்தேன். இருக்க வேண்டாம் என்றும் ஒரு மனம் வேண்டிக்கொண்டது. இருந்தது. வைதேகி என்று வேலம்மா சொல்வதும் சொர்ணபாண்டி பாடுவதும், தெளிவாக. மூன்று தடவை கேட்டேன். முழுசாக அது ஒரு முழ நாடாகூட இல்லை. பிளேடு கையில் இருந்தது. சம்பந்தமில்லாத பெயர், வெட்டினால் யாருக்கும் தெரியாது. ஸாவந்த் என் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

நான் வெட்டவில்லை. அடுத்த ஞாயிறு நிகழ்ச்சியின் இருபத்தேழு நிமிஷத்துக்குள் அடங்கும்படி மற்ற எதையெல்லாமோ வெட்டிச் சுருக்கினேன். அதைத் தொடவில்லை.

ஞாயிறு சாயங்காலம் வீட்டில் இருந்தேன். என் கணவர் துறைமுக அலுவலகத்தில் வேலை செய்தவர். அதிகம் பேசாதவர். என் நிகழ்ச்சியை ஒரு வாரம்கூட விடமாட்டார், கேட்டதாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டார். தரையில் பழைய காகிதத்தை விரித்து, மறுநாளைக்கு ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். தாராவியில் நடந்ததை நான் அவரிடம் பாதிதான் சொல்லியிருந்தேன்.

முருகன் வாழி. ரசியா வாழி. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வைதேகி வாழி, வாழி. பிரஷ் தேய்க்கும் சத்தம் நின்றது.

பாட்டு முடிந்து, என் குரல் வந்து போய், மராத்தியில் வெங்காய விலை ஆரம்பித்தது. இரண்டு பேருமே எழுந்து அணைக்கவில்லை. உருளைக்கிழங்கு, கொத்தவரங்காய் எல்லாம் போயிற்று.

"நீ சொன்னியா அவாகிட்ட?"

"இல்லை."

அவர் அந்த ஒற்றை ஷூவுக்குள் கையை விட்டபடி உட்கார்ந்திருந்தார். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார்.

"வைதேகி வர எடத்தை இன்னொரு தடவை போடுவாளா?"

போடமாட்டார்கள். அடுத்த நாளே அந்த நாடாவை அழித்துவிடுவார்கள் என்பது மற்ற யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும்.

"கேட்டுப் பாக்கறேன்" என்றேன்.